மலாக்காவின் வரலாற்றுச் சின்னங்களில் தமிழர் சுவடுகள்

முன்னுரை

மலாக்கா என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பள்ளிச் சுற்றுலாதான். தமிழ்ப்பள்ளியில் படிக்கும்போது ஒருமுறை, இடைநிலைப்பள்ளியில் ஒருமுறை எனப் பேருந்தில் சென்று இறங்கி, சிவப்புக் கட்டடத்தின் முன் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டு, செண்டோல் குடித்துவிட்டுத் திரும்பியிருப்போம். நானும் அவ்வாறே இருமுறை சென்று வந்தவன்தான். மூன்றாம் முறையாகக் கடந்த ஆண்டு விடுமுறையில் கழக நண்பர்கள் ஐவருடன் சென்றேன். இம்முறை எங்கள் கையில் படக்கருவியுடன் ஒரு கேள்வியும் இருந்தது. இந்தத் துறைமுக நகரில் தமிழர் எங்கே வாழ்ந்தனர்? அவர்கள் பேசிய தமிழ் எங்கே போயிற்று?

மலாக்கா நகரமும் பினாங்கின் ஜார்ஜ் டவுனும் 2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஆகவே இங்குள்ள கட்டடங்களைக் காக்கச் சட்டம் உண்டு. பழுது பார்க்க வல்லுநர்கள் உண்டு. கட்டடத்தைக் காப்பது போல மொழியைக் காக்க முடியுமா என்பதே இக்கட்டுரையின் வழியே நான் வாசகர்கள்முன் வைக்க விரும்பும் வினா. சின்னங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே அவ்வினாவை நோக்கிச் செல்வோம்.

ஆற்றங்கரைச் சதுக்கம்

மலாக்கா ஆற்றின் கிழக்குக் கரையில் உள்ள சதுக்கத்திலிருந்து நடக்கத் தொடங்குவது நல்லது. எதிரே நிற்கும் ஸ்டாட்ஹய்ஸ், 1641இல் போர்த்துகீசியரிடமிருந்து மலாக்காவைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுப்பிய ஆட்சி மாளிகை. இன்று அது அருங்காட்சியகம். மலாக்காவின் அடையாளமாகவே ஆகிவிட்ட அந்தச் சிவப்பு நிறம் டச்சுக்காரர்கள் தந்ததன்று. முதலில் அக்கட்டடம் வெள்ளையாகத்தான் இருந்தது. ஆங்கிலேயர் காலத்தில்தான் சிவப்புப் பூசப்பட்டது. அருகிலுள்ள கிறிஸ்து தேவாலயம் 1741இல் தொடங்கி 1753இல் கட்டி முடிக்கப்பட்டது. டச்சு ஆட்சியின் நூற்றாண்டு நினைவாக எழுந்த ஆலயம் அது. உள்ளே சென்றால் தரையிலேயே பழைய கல்லறைக் கற்கள் பதிக்கப்பட்டிருப்பதைக் காணலாம்.

வரலாற்றுச் சின்னம் ஒன்றைப் பார்க்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகவேண்டும் என்பதை இங்கேதான் உணர்ந்தோம். இதைக் கட்டியவர் யார்? இதற்கு முன் இவ்விடத்தில் என்ன இருந்தது? இதன்மேல் எந்த மொழி எழுதப்பட்டிருக்கிறது? இம்மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதில்லை. தமிழ் கற்பவர்களாகிய நாம் கேட்டாக வேண்டும்.

மலையும் கோட்டைவாசலும்

சதுக்கத்தின் பின்புறமுள்ள படிகளில் ஏறினால் செயின்ட் பால் மலை. உச்சியில் கூரையில்லாமல் நிற்கும் தேவாலயம் 1521இல் போர்த்துகீசியர் கட்டிய சிற்றாலயத்திலிருந்து வளர்ந்தது. பிரான்சிஸ் சவேரியார் இங்கே வந்து தங்கிப் பணியாற்றியிருக்கிறார். சீனக் கடற்கரையருகே அவர் இறந்தபின், 1553இல் அவருடைய உடல் சில மாதங்கள் இவ்வாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருந்து, பிறகு கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டது. 1545இல் மலாக்காவுக்கு வருவதற்கு முன் அவர் தமிழகத்தின் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் பரதவர்களிடையே பணிபுரிந்தவர் என்பதை நாம் நினைவில் கொள்ளவேண்டும். அக்கரையும் இக்கரையும் அந்நாளில் ஒரே கடல்வழியின் இரு முனைகளாக இருந்தன.

ஆலயச் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டுள்ள பெரிய கல்லறைக் கற்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். இலத்தீன், போர்த்துகீசியம், டச்சு. எங்கள் மூன்றாவது கேள்விக்கு இம்மலை தந்த விடை அதுதான். ஆட்சியில் இருந்தவர்களின் மொழி கல்லில் இருக்கிறது.

மலையின் மறுபக்கம் இறங்கினால் ஆ ஃபமோசா கோட்டையில் எஞ்சி நிற்கும் ஒரே வாயிலான போர்ட்டா டி சந்தியாகோவை அடையலாம். 1511இல் அல்புகர்க் மலாக்காவைப் பிடித்தவுடன் இக்கோட்டையைக் கட்டத் தொடங்கினான். அதற்காகச் சுல்தானியர் காலப் பள்ளிவாசலின் கற்களும் அரசர் கல்லறைகளின் கற்களும் பயன்படுத்தப்பட்டன. இரண்டாவது கேள்வியான ‘இதற்கு முன் என்ன இருந்தது’ என்பதற்கு விடை அச்சுவர்களுக்குள்ளேயே இருந்தது. வாயிலின் மேலே அண்ணாந்து பார்த்தால் 1670 என்ற ஆண்டும் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னமும் தெரியும். போர்த்துகீசியர் கட்டிய வாயிலில் டச்சுக்காரர்கள் தங்கள் முத்திரையைப் பொறித்துக் கொண்டார்கள். ஒரு காலத்தில் இக்கோட்டையை அடுத்தே கடல் இருந்தது. இன்று கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலத்தில் பேரங்காடிகள் நிற்கின்றன.

முழுக் கோட்டையும் என்னவாயிற்று? 1795இல் மலாக்காவை ஏற்றுக்கொண்ட ஆங்கிலேயர், பின்னாளில் அதைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால் டச்சுக்காரர்களுக்குக் கோட்டை பயன்படக்கூடாது எனக் கருதி, 1807இல் அதை இடித்தனர். அவ்வேலையை நடத்தியவர் வில்லியம் ஃபார்குவார். இந்த ஒரு வாயில் மட்டும் தப்பியது. தரைக்குக் கீழே புதைந்து போன பகுதிகளும் உண்டு. 2006ஆம் ஆண்டின் இறுதியில் ஆற்றங்கரையில் சுழலும் கோபுரம் ஒன்றுக்காகத் தோண்டியபோது, மிடில்பர்க் கொத்தளத்தின் அடித்தளம் வெளிப்பட்டது. கோபுரத்தை வேறிடத்துக்கு மாற்றிவிட்டுக் கொத்தளத்தை மீட்டுக் கட்டினார்கள். புதைந்த கல்லை இருநூறு ஆண்டுகள் கழித்தும் தோண்டி எடுத்துவிட முடிகிறது.

கோட்டை இடிந்ததைக் கண்ட சிறுவன்

கோட்டை இடிக்கப்பட்டதைக் கண்ணால் கண்டு எழுதி வைத்தவர் முன்ஷி அப்துல்லா. நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று இடைநிலைப்பள்ளிப் பாடங்களில் நாம் படித்த அதே அப்துல்லாதான். அப்போது அவர் சிறுவன். கோட்டைக்குள் பேய்கள் குடியிருப்பதாகத் தொழிலாளர் அஞ்சியதையும், கடப்பாரையால் அசைக்க முடியாத சுவர்களை வெடிமருந்தால் தகர்த்ததையும், யானை அளவிலும் வீட்டளவிலுமான கற்கள் பறந்து கடலில் விழுந்ததையும் 1849இல் வெளிவந்த தம் தன்வரலாறான ‘ஹிக்காயாட் அப்துல்லா’வில் விவரித்திருக்கிறார்.

அதே நூலில் நமக்கு இன்னும் முக்கியமான ஒரு செய்தி இருக்கிறது. அப்துல்லாவின் முப்பாட்டனார் ஏமனிலிருந்து நாகூருக்கு வந்து அங்கே தமிழ்ப்பெண்ணை மணந்தவர். ஆனால் அப்துல்லா தமிழ் கற்றது இந்தக் குடும்பத் தொடர்பினால் மட்டுமன்று. மலாக்காவில் வசதியுள்ள நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது முன்னோர் காலந்தொட்டு வந்த வழக்கம் என்றும், கணக்கு எழுதுவதற்கும் பேசுவதற்கும் அம்மொழி தேவைப்பட்டது என்றும், அக்காலத்தில் மலாக்கா நிறைய இந்திய வணிகர்கள் இருந்தனர் என்றும் அவர் காரணம் கூறுகிறார்.

இந்தச் செய்தியை முதன்முதலில் படித்தபோது நான் சற்று நேரம் அப்படியே அமர்ந்துவிட்டேன். தமிழ் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று நம் பெற்றோர் கேட்கும் இதே நாட்டில், இருநூறு ஆண்டுகளுக்கு முன் பிழைப்புக்காகவே பிள்ளைகளைத் தமிழ் படிக்க அனுப்பியிருக்கிறார்கள்.

காற்றுக்குக் காத்திருந்தவர்கள்

அவ்வணிகர்கள் ஏன் இங்கே வந்தார்கள் என்பதை அறியக் காற்றைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். பாய்மரக் கப்பல்கள் பருவக்காற்றை நம்பியே ஓடின. மேற்கிலிருந்து வருவோரும் சீனத்திலிருந்து வருவோரும் சந்திக்கும் இடம் மலாக்கா நீரிணை. கொண்டுவந்த சரக்கை விற்று, வேண்டியதை வாங்கிய பின்னும், காற்று திசை மாறும்வரை மாதக்கணக்கில் தங்கியாக வேண்டும். சோழமண்டலக் கரையின் பழவேற்காடு, நாகப்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து வந்த துணிகள் இங்கே விலைபோயின. திரும்பும்போது வாசனைப் பொருள்களும் சந்தனமும் பிறவும் ஏற்றப்பட்டன. இவ்வாறு தங்கியவர்களில் சிலர் இங்கேயே குடியேறினர். உள்ளூர்ப் பெண்களை மணந்தனர்.

1512 முதல் 1515 வரை மலாக்காவில் இருந்த தோமே பிரேஸ், இத்துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டன என்று எழுதியிருக்கிறார். வெளிநாட்டு வணிகர்களைக் கவனிக்க நான்கு ஷாபண்டார்கள் இருந்தனர் என்பதை நாம் படிவம் ஒன்றிலேயே மனப்பாடம் செய்திருப்போம். தமிழகக் கரையிலிருந்து வந்தோர் வங்காளம், பெகு, பாசாய் வணிகர்களுடன் ஒரே ஷாபண்டாரின் கீழ் வந்தனர். அரண்மனையிலும் தமிழ் முஸ்லிம் குடும்பத்தின் செல்வாக்கு இருந்தது. சுல்தான் முஸாபர் ஷாவின் தாயாரும், பின்னாளில் பெண்டஹாராவாக விளங்கிய துன் முத்தாஹிரும் அவ்வழியினரே.

போர்த்துகீசியர் ‘நினா சத்து’ என்று குறிப்பிடும் இந்து வணிகரையும் இங்குச் சொல்லவேண்டும். 1509இல் சிறைபட்ட போர்த்துகீசியருக்கு உதவிய அவரை, 1511இல் அல்புகர்க் பெண்டஹாராவாக நியமித்தான். 1514இல் அப்பதவி பறிக்கப்பட்டபோது, அவமானம் பொறாமல் அவர் தீ மூட்டி அதில் பாய்ந்து உயிர்விட்டதாகப் போர்த்துகீசிய நூல்கள் கூறுகின்றன. வென்றவனுக்குத் துணைநின்றவர் என்று ஒருசாராரும், மானம் காத்தவர் என்று மறுசாராரும் பேசலாம். அவரைப் பற்றி அவருடைய மொழியில் எழுதிய வரி ஒன்றையும் நான் படித்ததில்லை. பெயர்கூடப் போர்த்துகீசியர் காதில் விழுந்தவாறுதான் நமக்குக் கிடைத்திருக்கிறது.

பொற்கொல்லர் தெரு

ஆற்றுப் பாலத்தைக் கடந்து மேற்குக் கரைக்கு வந்தால் வணிகர்கள் வாழ்ந்த பழைய நகரம். மலாக்காவிலேயே பிறந்த எரேடியா என்பவர் 1613இல் எழுதிய குறிப்பில் இக்கரையில் சோழமண்டலத்தார் வாழ்ந்த ‘கம்போங் கெலிங்’ பகுதி இடம்பெற்றிருக்கிறது. இன்று அங்குள்ள ஜாலான் துக்காங் இமாஸ், அதாவது பொற்கொல்லர் தெரு, அதன் தொடர்ச்சியான ஜாலான் தோக்கோங் ஆகியவற்றில் சில நிமிட நடைக்குள் மூன்று வழிபாட்டுத் தலங்களைக் காணலாம்.

முதலாவது ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில். டச்சு ஆட்சியினர் செட்டி சமூகத் தலைவராகிய தெய்வநாயகம் செட்டியிடம் வழங்கிய நிலத்தில் 1781இல் எழுந்தது. இன்றும் வழிபாடு நடைபெறும் மலேசிய இந்துக் கோயில்களில் மிகப் பழமையானது இதுவே எனக் கருதப்படுகிறது. வானளாவிய கோபுரமில்லை, ஓட்டுக் கூரையுடன் அண்டைவீடுகளோடு ஒன்றி நிற்கிறது. இறைவன் பெயரைச் சற்று நின்று சொல்லிப் பாருங்கள். ‘பொய்யாத’ என்பது இலக்கண வகுப்பில் நாம் படிக்கும் எதிர்மறைப் பெயரெச்சம். ‘மழை பொய்த்தது’ என்கிறோமே, அதே வினைச்சொல். நம்பியவரைக் கைவிடாதவர் என்று பொருள். கடலை நம்பிப் பிழைத்தவர்கள் தங்கள் கடவுளுக்கு இப்பெயரை இட்டு வழங்கியது பொருத்தமே. காலையிலிருந்து நாங்கள் தேடிய தமிழ், கடவுளின் பெயராக இங்கே கிடைத்தது.

சில அடிகள் தள்ளி 1748இல் மரத்தால் கட்டப்பட்டு 1872இல் செங்கல்லால் எழுப்பப்பட்ட கம்போங் கிலிங் பள்ளிவாசல். இந்திய முஸ்லிம் வணிகர்கள் கட்டியது. அடுக்கடுக்கான கூம்புக் கூரையும் பகோடா போன்ற மினாராவும் கொண்டது. ‘கெலிங்’ என்ற சொல் கலிங்கத்திலிருந்து பிறந்தது. பழைய மலாய் நூல்களில் தென்னிந்தியரைக் குறிக்க இயல்பாகவே வழங்கியது. இன்று அது நம்மைப் புண்படுத்தும் வசைச்சொல். ஆயினும் இப்பள்ளிவாசலின் பெயரில் அதன் பழைய பொருள் கெடாமல் இருக்கிறது. பெயர்ப் பலகையைப் பார்த்து முதலில் முகம் சுளித்த நண்பர் ஒருவர், இவ்வரலாற்றைக் கேட்டபின் தாமே அதன் அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டார். அடுத்து வருவது 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த செங் ஹூன் தெங் சீனக் கோயில். மூன்று சமயத்தாரும் ஒருவர் மணியோசையை ஒருவர் கேட்டுக்கொண்டே வாழ்ந்திருக்கின்றனர்.

காஜா பெராங்: செட்டிகள் கிராமம்

பெரும்பாலான சுற்றுலாப் பேருந்துகள் இத்துடன் திரும்பிவிடும். நாங்கள் காஜா பெராங்கில் உள்ள கம்போங் செட்டிக்குச் சென்றோம். டச்சுக்காரர்களின் வணிகக் கெடுபிடியால் செட்டிகளின் வாணிகம் சுருங்கியபோது, அவர்கள் நகரின் நடுவிலிருந்து இப்பகுதிக்கு நகர்ந்து விவசாயத்திலும் வேறு தொழில்களிலும் ஈடுபட்டனர். பிற்காலத்தில் வட்டித்தொழிலுக்கு வந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுடன் இவர்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இங்கே 1822இல் கட்டப்பட்ட முத்து மாரியம்மன் கோயிலும், சிறு அருங்காட்சியகம் ஒன்றும், நெருக்கமான வீடுகளும் உள்ளன. பிள்ளை, நாயக்கர், செட்டி, இராஜா முதலிய குடிப்பெயர்கள் வழங்குகின்றன. பெண்கள் விழாக்களில் சாரோங்கும் கெபாயாவும் அணிகின்றனர். பொங்கலுக்கு முந்தைய நாளில் ‘போகி பார்ச்சு’ என்னும் முன்னோர் வழிபாட்டை நடத்தி, வாழையிலையில் உணவு படைக்கின்றனர். அம்மன் திருவிழாவை ‘டத்தோ சாச்சார்’ என்று அழைக்கின்றனர். சாச்சார் என்பது மலாயில் அம்மை நோய். தமிழில் நாம் நோயைத் தெய்வத்தின் பெயரால் ‘அம்மை’ என்கிறோம். அவர்களோ தெய்வத்தை நோயின் பெயரால் குறிக்கிறார்கள்.

வீட்டு வாசலில் அமர்ந்திருந்த ஒரு மூதாட்டியிடம், “வணக்கம் பாட்டி” என்றேன். கைகூப்பிச் சிரித்தார், பதில் மலாயில் வந்தது. தமிழ் கேட்டால் சிறிது புரியும், பேச வராது என்றார். அவர் சொன்ன தம் பெயர் என் பெயரைவிடத் தூய தமிழாக இருந்தது. எங்களுள் சிலருக்குத் தெரியாத போகிப் படையல் முறையை அவர் மலாயிலேயே எங்களுக்கு விளக்கினார். தமிழ் படிக்கும் ஐந்தாறு மாணவர்கள், தமிழர் சடங்கு ஒன்றை மலாய்மொழியில் கேட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டு நின்றோம். யார் யாருக்குப் பாடம் நடத்தினார் என்பதை எண்ணிப் பார்த்தால் யாரும் அவர்களைக் குறைசொல்லத் துணியமாட்டார்கள். ஐந்நூறு ஆண்டுகளாகத் தாய்நாட்டுத் தொடர்பு குன்றியும் தெய்வத்தையும் பெயரையும் முன்னோரையும் விடாதவர்கள் அவர்கள்.

ஆயினும் மொழி மட்டும் கைநழுவியது. ஒரே நாளில் நழுவியிருக்காது. தாய் மலாயில் தாலாட்டியிருப்பாள். சந்தையில் மலாய் போதுமானதாக இருந்திருக்கும். தமிழில் கணக்கு எழுதவேண்டிய தேவை ஒருநாள் இல்லாமற் போயிருக்கும். தேவை போனபின் ஒரு தலைமுறை கேட்டுப் புரிந்துகொள்ளும். அடுத்த தலைமுறைக்கு அதுவும் இராது.

விடைபெறும்போது பாட்டி, வெயிலாக இருக்கிறது, முனையில் ‘கெடாய்’ இருக்கிறது, ஏதாவது குடித்துவிட்டுப் போங்கள் என்றார். கெடாய் என்பது நம் ‘கடை’தான். மலாயில் உள்ள காப்பால் (கப்பல்), பெத்தி (பெட்டி), காத்தில் (கட்டில்), வணிக மூலதனத்தைக் குறிக்கும் மொடால் (முதல்) ஆகியவையும் இவ்வாறு தமிழிலிருந்து சென்றவையே. கோட்டைக் கற்களில் நாங்கள் காணாத தமிழ், மலாய்க்காரர், சீனர், செட்டிகள் அனைவரின் அன்றாடப் பேச்சிலும் கலந்து கிடக்கிறது. இது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் சில சொற்கள் எஞ்சுவது வேறு, மொழி வாழ்வது வேறு.

முடிவுரை

இதை எழுதும்போது என்னையே நான் எண்ணிப் பார்க்கிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றேன். பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் அங்கே தாய்மொழி வகுப்பு நடத்தலாம் என்று 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இடமளிக்கிறது. எங்கள் பள்ளியில் அவ்வகுப்பு பள்ளி நேரத்திற்குப் பின்னர் நடந்தது. தொடக்கத்தில் இருபதுக்கு மேற்பட்டோர் இருந்தோம். பேருந்து, துணைப்பாடம், விளையாட்டு எனக் காரணம் சொல்லி ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். ஆசிரியர் மாற்றலாகிப் போனதும் வகுப்பு நின்றது. யாரும் தமிழைத் தடை செய்யவில்லை, நாங்கள்தான் வரவில்லை. எஸ்பிஎம் தேர்வில் தமிழை எடுக்க நான் வெளியே வகுப்புத் தேடிப் போனேன். என் தங்கை எடுக்கவில்லை. இன்று அவளுக்கு நான் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பினால் மலாயில் பதில் வருகிறது.

மலாக்காவின் கோட்டையை இடிக்க வெடிமருந்து தேவைப்பட்டது. மொழிக்கு அது தேவையில்லை. பேசாமல் இருந்தாலே போதும். புதைந்த கொத்தளத்தைத் தோண்டி எடுத்ததுபோல் வழக்கொழிந்த பேச்சைத் தோண்டி எடுக்கவும் முடியாது.

ஆகவே அடுத்தமுறை மலாக்கா செல்லும் நண்பர்கள் சிவப்புக் கட்டடத்தோடு திரும்பிவிட வேண்டாம். பாலத்தைக் கடந்து பொய்யாத விநாயகரைத் தரிசித்து, கம்போங் செட்டிவரை நடந்து வாருங்கள். முடிந்தால் வீட்டிலுள்ள தம்பி தங்கையரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பார்த்தவற்றைத் திரும்பும் வழியில் அவர்களுடன் தமிழில் பேசுங்கள். வரும் விடுமுறையில் என் தங்கையை அழைத்துச் செல்வதாக இருக்கிறேன். மலாக்காவிலிருந்து வீடு திரும்ப இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்; பேசுவதற்கு அது போதுமான நேரம்தான்.